அறிவிப்பாளர் பேசாத அரைமணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தமிழில் பாட்காஸ்ட் பெருகிவருவது குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இளைஞர்கள் கைத்தொலைபேசியையே கலையகமாக்கிக்கொண்டிருப்பது கட்டுரையாளரைப் போலவே எனக்கும் மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் அவர் பாராட்டி எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள், அல்லது ஒருவர் ஒரு கதையை வாசிக்க இடையிடையே வயலின் துணுக்கு ஒன்று வந்துபோகிறது. இடங்களும் வேலைகளும் மனிதர்களும் தங்கள் சொந்தச் சத்தங்களாலேயே கதை சொல்லும் ஒலி ஆவணம் தமிழில் ஏன் இன்னும் அரிதாகவே இருக்கிறது என்ற கேள்வியைக் கட்டுரை எழுப்பவில்லை. கருவிகளின் விலை அதற்குக் காரணமாயிருந்த காலம் போய்விட்டது. நமது வானொலிப் பெருமையே இன்றைய தடை என்பது, ஒலிப்பதிவுக் கூடங்களில் நீண்டகாலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் எண்ணம்.

இலங்கை வானொலியின் தமிழ்ப் பகுதி நமக்குத் தந்த செல்வங்களுள் முதன்மையானவை குரல்கள். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களுக்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் நேயர்கள் காத்திருந்தார்கள். சானா என அறியப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத்தை வளர்த்தெடுத்தார், சோ. சிவபாதசுந்தரம் ஒலிபரப்பை ஒரு கலையாகவே கொண்டு அதற்கென ஒரு நூலை எழுதினார். இந்த மரபைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அறிவிப்பாளரின் குரலே நிகழ்ச்சி என்று ஆகிவிட்ட பிறகு, அந்தக் குரலைச் சுற்றியுள்ள உலகம் முழுவதும் இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிட்டது: கதவை அடைத்துத் தடுக்கவேண்டியதாயின் இரைச்சல், அடியில் மெல்ல ஓடவிடக்கூடியதாயின் பின்னணி. கோயில் தேர்த் திருவிழாக்களின் நேர்முக வர்ணனையை நினைத்துப் பாருங்கள். வடம் இறுகும்போது தேரின் மரம் முனகுவதும், தவில் தொலைவிலிருந்து நெருங்கி வருவதும், கூட்டத்தின் ஒரு மூலையில் தொடங்கும் அரோகரா மறுமூலைக்குப் பரவுவதும் ஒலிவாங்கியின் முன்னாலேயே நிகழ்கின்றன. வர்ணனையாளரோ அவற்றைக் கேட்கவிடாமல் அடைமொழிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். கதைக்கு நடுவே திரைப்பாடல்களைக் கோத்துத் தந்த ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியிலும் பாத்திரம் அழவேண்டிய இடத்தில் அதற்குப் பதிலாக ஒரு திரைப்பாடல் அழுதுவிடும். அதை நானும் விரும்பிக் கேட்டவனே. எனினும் உணர்ச்சியைச் சினிமாவிடம் கடன்வாங்கும் பழக்கம் அங்குதான் வேரூன்றியது என்று நினைக்கிறேன். இன்று கடன்வாங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சோகப் பியானோ எல்லார் கதைக்கும் பொதுவாகிவிட்டது. (விந்தை என்னவெனில், நமது வானொலியில் அலங்காரம் சிறிதுமின்றிச் சொல்லப்பட்ட கதை மரண அறிவித்தல்தான். பிறப்பிடம், வதிவிடம், உறவு முறைகள், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்ற விபரம், இவ்வளவே. அதற்குள் ஒரு குடும்பத்தின் முழு இடப்பெயர்வும் அடங்கிவிடும். அதை ஊரே அசையாமல் கேட்டது.)

அறிவிப்பாளரைச் சற்று ஒதுங்கி நிற்கச் செய்தபோதுதான் பிற நாடுகளிலும் இந்தக் கலை பிறந்தது. 1930 இல் பெர்லினில் வால்டர் ருட்மன் என்ற திரைப்பட இயக்குநர், பேசும்படத்துக்கென வந்த சுருளில் படமேயில்லாமல் ஒலியை மட்டும் பதிந்து, வெட்டி ஒட்டி, சனிக்கிழமை வேலை முடிவதிலிருந்து திங்கட்கிழமை வேலை தொடங்குவது வரையிலான ஒரு நகரத்தின் ஓய்வைச் சுமார் 11 நிமிடங்களில் வானொலிக்கு ஆக்கிக்கொடுத்தார். காந்த நாடா ஒலிபரப்பு நிலையங்களுக்கு வந்துசேர்வதற்கு முன்பே இது நடந்தது. பிபிசியில் நீண்டகாலம், தொழிலாளரிடம் கேட்டு எழுதிவந்த பேச்சைக் கலையகத்தில் நடிகர்கள் வாசிப்பதே பெருவழக்காயிருந்தது. 1957 இல், கட்டுப்பாட்டை இழந்த புகையிரதத்திலிருந்து குதித்துத் தப்பாமல் கடைசிவரை நின்று உயிர்நீத்த ஜோன் அக்ஸன் என்ற சாரதியைப் பற்றிச் சார்ள்ஸ் பார்க்கர், இவான் மக்கோல், பெகி சீகர் ஆகியோர் மறு ஆண்டில் ஒரு படைப்பைச் செய்தார்கள். அதில் நடிகர்களும் இல்லை, விவரணையாளரும் இல்லை. அக்ஸனின் மனைவியும் உடன் வேலைசெய்தவர்களும் தங்கள் வட்டாரப் பேச்சிலேயே பேச, பாடல்கள் அந்தப் பேச்சிலிருந்து முளைத்தெழுந்தன. பிரான்ஸின் லூக் பெராரி இன்னும் ஒரு படி சென்றார். குரோசியாவின் வேலா லூக்கா என்ற மீன்பிடி ஊரின் விடியலைப் பதிந்து, 1970 இல் அவர் வெளியிட்ட படைப்பில் விளக்கம் சொல்பவர் எவரும் இல்லை. பதிவைச் சுருக்கியிருக்கிறார், ஆனால் சுருக்கியது காதுக்குத் தெரியாது. படகின் எந்திரமும் பேச்சொலியும் பூச்சிகளின் இரைச்சலும் தாமே ஒரு காலைப்பொழுதாகின்றன. நீர்கொழும்புக்கோ முகத்துவாரத்துக்கோ விடியுமுன் போய்வரும் எவரும் இத்தகைய படைப்புக்கு நம்மிடம் பொருள் குறைவில்லை என்பதை அறிவார்கள்.

இது இறக்குமதிச் சரக்கு என்று எவரேனும் சொல்வார்களாயின், மட்டக்களப்பின் பாடும் மீனை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நிலவுக் காலங்களில் கல்லடிப் பாலத்தை அண்டித் தோணியில் செல்வோர், துடுப்பை வாவிக்குள் இறக்கி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். நீரின் அதிர்வு மரத்தில் ஏறிச் செவியை அடைகிறது. நீருக்கடியில் இறக்கிப் பதியும் ஒலிவாங்கியும் இந்த அதிர்வைத்தான் மின்சாரமாக மாற்றித் தருகிறது. பாடுவது மீனா, சிப்பியா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கேட்பதற்கென்றே இரவில் தோணியேறிப் போகும் வழக்கம் நமக்கு உண்டு.

கொழும்பைப் பொறுத்தவரை, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒலிவாங்கியுடன் நடந்தாலே ஒரு படைப்புக்கு எலும்புக்கூடு கிடைத்துவிடும். ‘கொட்டுவ, பிட்டகொட்டுவ’ (கோட்டை, புறக்கோட்டை) என்று 100 ஆம், 101 ஆம் இலக்கப் பஸ்களின் நடத்துநர்கள் கூவுவது பின்னால் தேய்ந்துபோகும். அடுக்குமாடிகளின் நிழலில் மின்பிறப்பாக்கியும் சங்கீத வகுப்பும் குறுக்கிடும். புகையிரதக் கடவையின் மணி அடித்து, ரயில் கடந்து, அது விட்டுச்சென்ற இடைவெளியில் கடல் கேட்கும். ஒழுங்கையின் நீளம் சில நூறு மீற்றர்தான். புறக்கோட்டையில் சுமைதூக்கும் நாட்டாமிமார் வண்டிக்கு வழிகேட்டு எழுப்பும் குரலும், செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் ஊர்வலமும், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் மணியும் இதே நகரத்தின் பிற அத்தியாயங்கள். மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாறியபோது புறக்கோட்டை இழந்த கட்டடத்துக்குப் படங்கள் உண்டு; அந்த விடிகாலைப் பேரத்தின் ஒலியை முறையாகப் பதிந்தவர்கள் இருந்தால் அது இன்று விலைமதிப்பற்றது.

இந்நகரத்தைப் பதியப் புகுவோர் முதலில் முட்டிக்கொள்வது மொழி. ஒரே கடை வாசலில் சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் மாறிமாறி வரும். செய்திப் பழக்கப்படி சிங்களப் பேச்சின் ஒலியைத் தாழ்த்தி, அதன் மேலே தமிழாக்கத்தை வாசித்தால், பேசுபவர் தம் சொந்தக் கதையிலேயே பின்னணியாகிவிடுகிறார். கனடிய வானொலிக்காக கிளென் கூல்ட் என்ற பியானோக் கலைஞர் 1967 இல் கனடாவின் வடபுலத் தனிமையைப் பற்றிச் செய்த ஆவணத்தில், பலரின் பேச்சை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, எந்தச் சொல் எப்போது மேலே எழவேண்டும் என்பதை இசைக்கோவைபோல் அமைத்தார். எல்லாச் சொல்லும் புரியவேண்டும் என்ற கட்டாயத்தை அவர் கைவிட்டார். இந்த உத்தி கனடியர்களைவிட நமக்குப் பொருத்தமானது. சிங்களம் பேசும் வியாபாரிக்குத் தமிழில் மறுமொழி சொல்லும் தொழிலாளியின் குரலை அடுத்து வைத்தால், மறுமொழியிலிருந்தே கேள்வி விளங்கிவிடும். கொழும்பு மக்கள் நாள்தோறும் இவ்வாறுதான் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறார்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். கைத்தொலைபேசி போதும் என்று கட்டுரையாளர் கூறுவது பாதி உண்மை. அழைப்புக்கென அமைக்கப்பட்ட தொலைபேசி, பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று கருதி அதைத் தானாகவே அழுத்திவிட முனைகிறது. பேச்சு நின்றதும் ஒலிமட்டத்தைத் தானே ஏற்றுகிறது. வாட்ஸ்அப் குரற்பதிவோ இன்னும் நெருக்கிச் சுருக்கிவிடுகிறது. நமது அறிவிப்பாளர் மரபின் அதே மனப்பாங்கு இப்போது மென்பொருளிலும் குடியேறியிருக்கிறது என்று சொல்லலாம். ஆகவே சுருக்கப்படாத பதிவைத் தரும் செயலியொன்றைப் பயன்படுத்தி, இரைச்சல் நீக்கும் வசதியையும் தானியங்கி ஒலிமட்டத்தையும் நிறுத்திவைப்பதே முதல் வேலை. காலிமுகத்திடலின் காற்று ஒலிவாங்கியை நேரே அறைந்தால் எந்தத் திருத்தமும் உதவாது. காற்றுத் தடுப்பு உறை வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாமல் ஒரு நிமிடமேனும் அந்த இடத்தின் மௌனத்தைப் பதிந்துகொள்ளவேண்டும், ஏனெனில் வெட்டிய இரு வாக்கியங்களுக்கு நடுவே வைப்பதற்கு அதைவிட நல்ல பொருள் வேறில்லை. நாடாக் காலத்தில் விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் சுருளில் ஒரு மூச்சின் நீளத்தைச் சவர அலகால் வெட்டிக் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது. இன்று திரையில் அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுவோர் மூச்சுகளையெல்லாம் குப்பையெனக் களைந்துவிடுவதால், மனிதர்கள் எந்திரம்போல் பேசுகிறார்கள்.

மூச்சும் மௌனமும் எங்கே மிக அவசியம் என்றால், போரைப் பற்றிய சாட்சியங்களில். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பற்றிய செய்தித் துணுக்குகளில், அவர்கள் பேசத் தொடங்கியதும் ஏதோவொரு வீணையோ புல்லாங்குழலோ பின்னால் எழுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் சொல்வதை நாம் நம்பமாட்டோம் என்ற ஐயமா, அல்லது அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிற்கவேண்டிவரும் என்ற அச்சமா? ஒருவர் தன் மகனின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார் எனில், அந்த நிறுத்தம் அவர் சொன்னவற்றுள் ஒன்று. அதை வெட்டுவதும் இசையால் நிரப்புவதும் அவருடைய சாட்சியத்தைத் திருத்துவதாகும். இங்கே இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. முகத்தை மறைத்துவிட்டால் ஆள் தெரியாது என்ற எண்ணம் ஒலியில் செல்லாது. ஊரவர்கள் ஒரு சொல்லிலேயே குரலை அடையாளம் காண்பார்கள். எனவே பதிவுக்கு முன்னர் மட்டுமன்றி, தொகுத்து முடித்த பின்னரும் பேசியவருக்கே முதலில் போட்டுக் காட்டி ஒப்புதல் பெறுவதை இத்துறை விதியாகக் கொள்ளவேண்டும்.

கொழும்பில் ஒலிபரப்பு ஒரு பரிசோதனையாகவே தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர், முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக்கொண்டு அமைத்த பரப்பியிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பார்த்த முயற்சியே, 1925 டிசெம்பர் 16 ஆம் திகதி முறையான சேவையாக மலர்ந்தது. அந்தத் துணிவில் ஒரு சிறு பங்கையே இப்போது கேட்கிறேன். அரச வானொலியின் தமிழ்ச் சேவையோ தனியார் பண்பலை ஒன்றோ வாரத்துக்கு அரைமணி நேரத்தை ஒலி ஆவணத்துக்கென ஒதுக்கட்டும். தொடக்கத்தில் தலைப்பையும் முடிவில் ஆக்கியோர் பெயரையும் தவிர அறிவிப்பாளர் அதற்குள் பேசாதிருக்கட்டும். ஒரே குழுவிடம் வாராவாரம் கேட்டால் மறுபடியும் நேர்காணலே வந்துசேரும். ஆகையால் பல குழுக்கள் முறைமாற்றிச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாத அவகாசமும் நியாயமான ஊதியமும் இருக்கவேண்டும். விளம்பரதாரர்கள் மௌனத்துக்குப் பணம் தரமாட்டார்கள் என்று நிலைய முகாமையாளர்கள் சொல்லக்கூடும்; இரவு 10 மணிக்குப் பிந்திய நேரத்தில் அந்தக் கவலை பெரிதல்ல. ஒலிபரப்பிய பின் இணையத்தில் வைப்பதும் எளிது. 64 கிலோபிட் வேகத்தில் ஒற்றைத்தட ஒலியாக அரைமணி நேரம் ஏறத்தாழ 14 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பலர் காலையில் அனுப்பும் வணக்கக் காணொளிகளே சில வேளை அதைவிடப் பெரியவை. தொகுப்புக்குப் பயன்படாத மூலப்பதிவுகளை 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் போன்ற எண்ணிம ஆவணகங்களில், இடமும் திகதியும் குறித்து ஒப்படைக்கலாம்.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கலை இலக்கியப் பக்கத்தில் நூலுக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் வருகிறது. ஒலிப் படைப்புக்கு வருவதில்லை. விமர்சனமில்லாத துறையில் நல்லதும் நொந்ததும் ஒரே விலைக்குப் போகும். மாதம் ஒருமுறையேனும் ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, எதை எங்கே பதிந்தார்கள், ஒலிவாங்கியைப் பிடித்தவர் யார், தொகுத்தவர் யார், எந்த இடத்தில் இசை தேவையின்றி நுழைந்தது என்பவற்றை எழுதக்கூடிய ஒருவருக்கு அரைப்பத்தி இடம் ஒதுக்குவீர்களாயின், படைப்பின் நீளத்தையும் அதைக் காதணி ஒலிபெருக்கியில் கேட்பது நல்லதா, அறையில் பலரோடு கேட்பது நல்லதா என்பதையும் தலைப்பின் கீழேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06