555 புத்தகங்களைக் காத்து வைத்திருந்த பாய்க்கு

இறந்துபோன அண்ணனுக்காக நாங்கள் போட்ட இழப்பீட்டு வழக்கு சென்ற வெள்ளிக்கிழமை சமரசத்தில் முடிந்தது. பிள்ளைகளின் பங்குக்கு நீதிமன்ற ஒப்புதலும் வந்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்; அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். முதலில் சிங்கப்பூர் தேக்கா மளிகைக் கடை பாய்.

பாய், 'பழைய புத்தகத்த எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதானே' என்கிறீர்கள். கடைக் கணக்கு எழுதும் அந்தச் சின்ன 555 நோட்டுகள் என்ன செய்தன என்பதை நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும். இதே நிலையில் இன்று வேறொரு வீடு இருக்கலாம்.

அடுத்தவர் கவனக்குறைவால் ஒருவர் இறந்துபோனால், அவரை நம்பியிருந்தவர்கள் சிங்கப்பூர் சிவில் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம். மனைவி மக்கள் மட்டுமல்ல, பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். மரண விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். அந்த விசாரணை சாவின் காரணத்தைச் சொல்லுமே தவிர, இழப்பீடு யார் தர வேண்டும் என்று சொல்லாது. பிரிவுத் துயருக்கென்று சட்டம் வைத்திருப்பது 15,000 வெள்ளி, அதுவும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பெரிய தொகை ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தார்?

அதை ஆண்டுத் தொகையாக்கி ஒரு பெருக்கெண்ணால், அதாவது எத்தனை ஆண்டு இழப்பு என்று கணக்கிடும் எண்ணால், பெருக்குவார்கள். மாதம் 100 வெள்ளிக்கு ஆதாரம் இல்லாமல் போனால் ஆண்டுக்கு 1,200. பெருக்கெண் 15 என்றால் 18,000 வெள்ளி கைவிட்டுப் போகும்.

அண்ணனின் சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டு இருந்தது, மத்திய சேமநிதிக் கணக்கு இருந்தது. வீட்டுக்குக் கொடுத்ததற்கு ஒன்றுமில்லை, எல்லாம் ரொக்கம். அண்ணி பத்திரப்படுத்திய கடை ரசீதுகள் பாதிக்கு மேல் வெளுத்து வெறும் தாளாகிவிட்டன; சூட்டில் அச்சாகும் தாள் அப்படித்தான், கையில் வந்த அன்றே நகல் எடுத்திருக்க வேண்டும். 'குடும்பத்துக்குத்தான் செலவழித்தார்' என்று வாயால் சொன்னதை எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் ஏற்கவே இல்லை.

அப்போதுதான் பாய் ஒரு மைலோ டின்னோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய 31 சிறிய 555 புத்தகங்கள். அண்ணன் கணக்கில் வாங்கிய ஒவ்வொரு பொருளும் நீலப் பேனாவில்: பொன்னி அரிசி 5 கிலோ, நல்லெண்ணெய், பால்மாவு, சின்னவளுக்குக் கலர் பென்சில். மாதக் கடைசியில் கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் பணம் கட்டிய தேதி, அண்ணனின் கையெழுத்து.

ஒரு சிக்கல் இருந்தது. நாள், மாதம் இருந்ததே தவிர பல பக்கங்களில் ஆண்டு இல்லை. ஆண்டைச் சேர்த்து எழுதிவிட்டால் என்ன என்று எங்களில் ஒருவரே கேட்டுவிட்டார். பாய் பேனாவைத் தொடவில்லை. 'இன்னிக்கு ஒரு எழுத்து சேர்த்தா, அன்னிக்கு எழுதுனது பூரா பொய்யாயிடும்மா' என்றார். வழக்கறிஞரும் அதையேதான் சொன்னார்: அசலில் கை வைக்காதீர்கள், பக்கத்தைப் பிரிக்காதீர்கள், அட்டையோடு நகல் எடுங்கள், எதிர்த்தரப்பு கேட்டால் அசலைக் காட்டுவோம்.

ஆண்டைக் கண்டுபிடிக்க வழி சொன்னதும் பாய்தான். ஒரு புத்தகத்தில் நவம்பர் 9, 10 தேதிகளில் முறுக்கு மாவு, நெய், எண்ணெய் என்று பக்கம் நிறைய இருந்தது. தீபாவளி 2021இல் நவம்பர் 4, 2022இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 31. 2023இல்தான் நவம்பர் 12. ஆக அது 2023 புத்தகம். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணி, பணம் கட்டிய தேதிகளை அண்ணன் வங்கியில் பணம் எடுத்த தேதிகளோடு ஒட்டிப் பார்த்தோம். பொருந்தியது. அண்ணன் ஒருவருக்கே ஆன சவர பிளேடு போன்றவற்றைக் கழித்துவிட்டுத்தான் கணக்குக் கொடுத்தோம். நாமே கழித்துக் காட்டினால் மீதிக் கணக்கை நம்புவார்கள்.

சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட ஒரு புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்தார் பாய். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொன்னார். 'தினமும் வாங்குவார்' என்றிருந்ததை 'வாரம் ரெண்டு மூணு தடவை' என்று திருத்த வைத்தார். அந்தத் திருத்தத்தால் தொகை ஒரு காசும் குறையவில்லை. அன்றைய வியாபார நட்டத்துக்கு நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

கட்டணம் பற்றி முதல் நாளே ஒளிக்காமல் பேசிய வழக்கறிஞருக்கும், ஓவர்டைம் கணக்கை எடுத்துக் கொடுத்த அண்ணனின் சக ஊழியர்களுக்கும், மண்டாய் தகனச் செலவு ரசீதுகளை ஒரே உறையில் போட்டு வைத்த சித்தப்பாவுக்கும், ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்பிய சீட்டுகளைத் தேடி எடுத்த தம்பிக்கும், பிள்ளைகளைப் பள்ளி விட்டு அழைத்து வந்து சோறு கொடுத்த எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவோம்.

இனி இப்படி ஒரு வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டால், பதினாறாம் நாள் கழிந்ததும் போய் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக் கொடுப்பதென்று அண்ணியும் நாங்களும் முடிவு செய்திருக்கிறோம். புது ஆளாகப் போகிறவரிடம் அந்த வீட்டார் அலமாரியைத் திறந்து காட்டத் தயங்குவார்கள். அதனால் முதல் தடவை பாயையும் கூட்டிக்கொண்டு போவோம்.

புத்தகங்களை வழக்கறிஞர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை இருக்கிறது, வட்டம் இல்லை: 46 வெள்ளி 80 காசு. பாய் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி டின்னை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறார். பாய், அந்த வட்டத்தை நீங்கள்தான் போட வேண்டும்.