பத்தாயமும் சேம்பிலையும்

மக்களே,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாரம் ஒன்று போடச் சொன்ன 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைப் பத்து நாளாகத் தினமும் போடுகிறாயாம். "கூடினா மூத்திரத்துல போயிடும்பா" என்று சிரிப்பு வேறு. போகாது மக்களே.

குவைத் வெயிலில் இருந்துகொண்டு டி எப்படிக் குறையும் என்று அம்மா கேட்கிறாள். விடியும் முன் பஸ், நாள் முழுக்க ஏசி. கண்ணாடி வழியே வருகிற வெயில் டி உண்டாக்க உதவாது. சரி, குறைந்தது உன் தப்பில்லை.

மூத்திரத்தில் போவது பி, சி வகைகள். தண்ணீரில் கரைகிறவை. சேம்பிலையில் தண்ணீர் மாதிரி, உடம்பில் அதிகம் தங்காது. நாகர்கோவில் ஹாஸ்டலில் பி காம்ப்ளக்ஸ் போட்டுவிட்டு, மஞ்சக்காமாலை வந்துவிட்டதென்று ராத்திரி பதினோரு மணிக்கு அழுதாயே, அந்த மஞ்சள் பி2. மிஞ்சியதைக் கிட்னி வடித்தது. பி1 இருப்பெல்லாம் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும்.

ஏ, டி, இ, கே கொழுப்பில் கரைகிறவை. ஏ பெரும்பாலும் கல்லீரலில் தங்கும், டி உடம்புக் கொழுப்பில். (கே மட்டும் அவ்வளவாகச் சேராது.) தாத்தா வீட்டுப் பத்தாயம் ஞாபகம் இருக்கிறதா? கன்னிப்பூ போகத்து நெல்லைக் கொட்டினால் அடுத்த போகமான கும்பப்பூ அறுக்கும்வரை அள்ளிக்கொண்டே இருப்போமே, அப்படி.

மூன்று வருடம் முன்பு எனக்கு நடந்ததை அம்மா உன்னிடம் சொல்ல விடவில்லை. மருந்துக் கடையில் அட்டைமேல் கிறுக்கியதை "தினம் ஒன்று" என்று வாசித்து, இதே மாத்திரையை ஒன்றரை மாதம் விழுங்கினேன். நாக்கு வறண்டு ஒட்டும். சொம்பு சொம்பாகக் குடித்தாலும் தாகம் அடங்காது. மலச்சிக்கல். களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய நல்ல சாளை, கறி கொதிக்கும்போதே எனக்கு ஓங்கரித்தது. டி கூடினால் குடல் கால்சியத்தை அளவுக்கு மேல் இழுத்து இரத்தத்தில் ஏற்றிவிடும், கிட்னிக்குக் கேடு என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தியும் அளவு இறங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பத்தாயம் ஒழிய வேண்டாமா?

இதில் பி12 ஒரு தனிக்கூத்து. தண்ணீரில் கரைகிற சாதிதான், ஆனால் கல்லீரல் அதை வருடக்கணக்கில் பிடித்து வைக்கும். அம்மா நேர்ச்சைக்காக மீன், முட்டையை விட்டு ஆறு வருடம். பாலும் இல்லாமல் கட்டஞ்சாயாதான். இத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை. போன மாதம்தான் பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் முற்றம்வரை நடந்தாள். இப்போது ஊசி போடுகிறோம்.

நீ மாத்திரையை இன்றே நிறுத்து. அதை எழுதிய டாக்டரிடம் தினமும் போட்டதை ஒளிக்காமல் சொல்லி, கால்சியம் பார்க்கச் சொல். அப்புறம், அட்டையில் மீதி எத்தனை இருக்கிறது என்று எண்ணி ராத்திரி போனில் சொல். நான் தூங்காமல் இருப்பேன்.

அப்பா