மோதிரப் பானைக்குள் போகிற கைக்கு வெல்வெட் நகமா?

அன்புள்ள பாப்பா,

பட்டு எடுத்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, பந்திக்கு ஆளும் சொல்லியாயிற்று. அதிலெல்லாம் வராத சண்டை, கல்யாணத்துக்கு வெல்வெட் நகம் போடலாமா என்று பத்து நகத்தில் வந்து நிற்கிறது. உன் அம்மா வேண்டாம் என்கிற கட்சி, வரப்போகிற நாத்தனார் போட்டே ஆக வேண்டும் என்கிற கட்சி, உன் ஆயா காலையில் இந்தக் கட்சி, சாயங்காலம் அந்தக் கட்சி. மூன்று பேரும் தனித்தனியாக எனக்கு வாய்ஸ் அனுப்பிவிட்டார்கள். "சித்தி, நீயே சொல்லு, போட்டுக்கலாமா வேணாமா?" என்று நீயும் கேட்டிருக்கிறாய். தை மாதத்துக்குத் தேதி குறித்திருக்கிற இன்னும் சில பெண்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உன் பேரை எங்கும் போடவில்லை, பயப்படாதே.

நீ அனுப்பிய நாலு படமும் நாலு சமாச்சாரம். உன் நாத்தனார் எல்லாவற்றையும் "டெக்ஸ்ச்சர் நெயில்ஸ்" என்று ஒரே கூடையில் போடுகிறாள், உன் அம்மா எல்லாவற்றையும் "கம்பளிப்பூச்சி" என்று ஒரே கூடையில் போடுகிறாள். பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதல் படம் அசல் வெல்வெட். பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே நைலான் அல்லது ரேயான் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிய துகளை மேலே கொட்டி, விரலால் அமுக்கி, மிச்சத்தைப் பிரஷால் தட்டிவிடுவார்கள். மேலே டாப் கோட், அதாவது பாதுகாப்புக்கான கடைசிப் பூச்சு, அடிக்க முடியாது. அடித்தால் அந்த ரோமமெல்லாம் படுத்துவிடும். அதாவது, அந்த நகத்துக்குக் குடையே கிடையாது. படுகிற தண்ணீர், எண்ணெய், குழம்பு எல்லாம் நேராக நூலுக்குள்தான் போகும்.

இரண்டாவது படம் கேவியர் நகம். இது புதுசு என்று உன் நாத்தனார் நினைத்துக்கொண்டிருக்கிறாள். 2012-லேயே லண்டன் கம்பெனியான சியாட்டே இதைப் பெட்டி கட்டி விற்றது. பாலிஷ் காய்வதற்குள் கடுகைவிடச் சின்ன மணிகளை நகம் முழுக்க ஒட்டுவது, அவ்வளவுதான். வெல்வெட் பொடிப் பெட்டியையும் அதே கம்பெனி அதே வருஷக் கடைசியில் கொண்டுவந்தது. கேவியர் என்றால் ஸ்டர்ஜன் மீனின் முட்டை என்று ஆயாவிடம் விளக்கினேன். "முதுநகர் ஆர்பர்ல சினை மீனுக்கு அடிச்சிக்கிறாங்க, இவ நகத்துல ஒட்டிக்கிறாளா?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் சிரித்தது. அப்புறம், "கலர் நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னது. ஆயாவின் ஓட்டை இன்னும் எண்ண வேண்டாம்.

மூன்றாவது படத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறீர்கள். பார்வைக்கு அதுவும் வெல்வெட், கடைக்காரர்கள் சொல்வதும் வெல்வெட் நகம்தான். ஆனால் தொட்டால் கண்ணாடி. அது கேட் ஐ, அதாவது பூனைக்கண், ஜெல். ஜெல்லுக்குள் மிக நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும். பூசியதும் காந்தத்தைப் பக்கத்தில் சில விநாடி பிடித்தால் துகளெல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பி, பட்டுப்புடவையைச் சாய்த்துப் பார்க்கும்போது ஓடுகிற மாதிரி ஒரு ஒளி ஓடும். அது கலைவதற்குள் புற ஊதா விளக்கில் காட்டி இறுகவைத்துவிடுவார்கள். மேலே டாப் கோட்டும் உண்டு. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது.

நாலாவது, ஜெல்லைக் குவித்துப் பூவும் ஸ்வெட்டர் பின்னலும் செய்கிற 3டி வேலை. ஸ்வெட்டர் டிசைன் கடலூருக்கு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மார்கழியில்கூட நமக்கு ஃபேன் ஓடுகிறது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். எதிர்க்கட்சியான உன் அம்மா சொல்வது மூன்று: அசிங்கமாக இருக்கிறது, நம்ம வழக்கமில்லை, காசுக்குக் கேடு. காசை விடு, ஒரு நாள் கட்டப்போகிற ரிசப்ஷன் லெஹங்காவுக்குக் கொடுத்ததை விட்டுவிட்டு நகத்தில் கணக்குப் பார்ப்பதில் நியாயமில்லை. அசிங்கம் என்பதற்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. எனக்கே ரோம நகம் பிடிக்காது, அதைப் பார்த்தாலே என் கை கூசும். மணி ஒட்டிய நகம் பிடிக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைவிரலால் அந்த மணிகளை வருடிக்கொண்டே வந்தால் பாகூர் திருப்பம் வந்ததே தெரியாது. ஒருத்திக்குக் கூசுவது இன்னொருத்திக்குச் சுகம். அதில் தீர்ப்பு சொல்ல யாரையும் உட்காரவைக்காதே, என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் "நம்ம வழக்கமில்லை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன் அம்மாவும் நானும் சின்ன வயதில் விரலுக்கு விரல் மருதாணித் தொப்பி வைத்துக்கொண்டு தூங்கியவர்கள். அம்மியில் பாக்கோடு அரைத்த இலை, விரல் நுனி முழுக்க அப்பி, காலையில் காய்ந்து வெடித்து உதிரும். மருதாணியில் இருக்கிற லாசோன் என்ற சாயம் நகத்தின் கெரட்டினோடு பிடித்துக்கொள்ளும். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, நகம் வளர்ந்துதான் வெளியேற வேண்டும். கைநகம் மாசத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். ஆக, தீபாவளிக்கு வைத்த சிவப்பு பொங்கலுக்கும் நகத்து நுனியில் நிற்கும். அடியில் வெள்ளை, நுனியில் ஆரஞ்சு என்று இரண்டு கலர் நகத்தோடுதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. நெயில் பாலிஷில் கெமிக்கல் என்று பதறுகிற உன் அம்மாதான், உனக்குக் கை நிறையப் போடக் கடையிலிருந்து கறுப்புக் கோன் வாங்கி வைத்திருக்கிறாள். வைத்த உடனே கறுப்பாகப் பிடிக்கிற கோன் வெறும் மருதாணியாக இருக்க வாய்ப்பில்லை. மருதாணி அப்படிப் பிடிக்காது. தலைச்சாயத்தில் இருக்கிற பிபிடி என்ற ரசாயனத்தை அதில் கலப்பது உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் கொப்புளித்து, தழும்பே விழுந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கையில் தொடாதே. இலை அரைக்கச் சொல். ஆயாவுக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

ஆளுங்கட்சிக்கும் சொல்ல இருக்கிறது. உன் நாத்தனார் காட்டுகிற படமெல்லாம் ஒரு காபிக் கப்பைப் பிடித்த கை, ஒரு பூவைப் பிடித்த கை. அந்தக் கைகள் வேறெதுவும் செய்யவில்லை. உன் கை அன்றைக்கு என்னென்ன செய்யப்போகிறது என்று யோசித்துப் பார். திருவந்திபுரம் கோயிலில் விடியற்காலை முகூர்த்தம். மலையில் உனக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, நடுவில் நீங்கள். நின்று நிதானிக்க நேரமில்லை. தாரை வார்க்கிறபோது தேங்காயோடு சேர்த்துக் கையில் தண்ணீர் விழும். மஞ்சள், குங்குமம், அட்சதை. பொரி இடும்போது நெய். வீட்டுக்கு வந்ததும் பானைத் தண்ணீருக்குள் இரண்டு பேரும் கைவிட்டு மோதிரம் தேட வேண்டும். உன் மாமியார் வீட்டில் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், சொல்லிவிட்டேன். ரோம நகத்தோடு அந்தப் பானைக்குள் கையை விட்டால் வெளியே வருவது என்னவாக இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். மஞ்சள் ஏறிய நைலானை எந்தச் சோப்பாலும் வெளுக்க முடியாது. 3டி பூவோடு விட்டால் மாப்பிள்ளை கையில் கீறல். முதல் நாளே எதற்கு?

அப்புறம் சாப்பாடு. நகத்தில் மணி ஒட்டிக்கொண்டு இலையில் உட்கார்ந்தால், இரண்டாவது சாதத்துக்குள் ஒரு மணியாவது ரசத்தில் இறங்கியிருக்கும். கேவியர் நகம் வந்த காலத்திலேயே எல்லோரும் சொன்ன குறை அது, மணி உதிர்கிறது என்று. அங்கே முள்கரண்டியில் சாப்பிடுகிறவர்களே அலுத்துக்கொண்டார்கள். நாம் ஐந்து விரலாலும் பிசைந்து சாப்பிடுகிறவர்கள்.

என் கட்சி இதுதான்: தொட்டுத் தெரிகிற நகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதே, அன்றைக்கு அந்தக் கைக்கு இருக்கிற வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடு. முகூர்த்தத்துக்கு மூன்றாவது படம். அரக்கு நிறக் கேட் ஐ, நகத்தை ஒட்ட வெட்டி. வெல்வெட் என்று நாத்தனாருக்குச் சொல்லிக்கொள்ளலாம், அம்மா தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். மஞ்சக்குப்பம் மண்டபத்தில் ரிசப்ஷன் அன்று உனக்கு மேடையில் நின்று கைகுலுக்குவதைத் தவிர வேலையில்லை. அன்றைக்கு மோதிர விரல் இரண்டில் மட்டும், அந்தக் கேட் ஐ மேலேயே சாதாரண பாலிஷ் தடவி மணி ஒட்டிக்கொள். பத்து விரலிலும் வேண்டாம். ரோமம்தான் வேண்டும் என்று நீ அடம்பிடித்தால் அதுவும் ரிசப்ஷனுக்கு, அதுவும் இரண்டு விரலுக்கு. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உன் நாத்தனார் ஆன்லைனில் பெட்டி வாங்கி வீட்டிலேயே போடலாம் என்கிறாள். ஜெல் இறுகுவதற்கு முன்னால் அது அக்ரிலேட் திரவம். இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும். நகத்தைச் சுற்றி அரிப்பு, வெடிப்பு, நகமே கழன்று வருவதும் உண்டு. ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. பல் அடைக்கிற சிமெண்டிலும் இதே குடும்ப ரசாயனங்கள் இருப்பதால் பல் டாக்டரிடம் போனாலும் தொல்லை. இவற்றில் ஹெமா என்பதுதான் அதிகம் பேரைப் படுத்துவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா கலந்த நகப் பொருளைத் தொழில் தெரிந்தவர்கள்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே இருக்கிறது. டிபிஓ என்று இன்னொன்று, விளக்கொளியில் ஜெல் இறுகுவதற்காகச் சேர்ப்பது. அதை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டார்கள். கடையில் உட்காரும்போது பாட்டிலைத் திருப்பிப் படி, இந்த இரண்டும் இல்லாததாகக் கேள். தோலில் ஜெல் வழிந்தால் விளக்குக்குள் கையை நீட்டுவதற்கு முன்னால் துடைக்கச் சொல். துடைக்க அலுத்துக்கொள்கிற பெண்ணாக இருந்தால் எழுந்து வந்துவிடு.

கழற்றுவதும் முக்கியம். வார்டு விதி உனக்குத் தெரியாததில்லை. நர்சுக்குப் போய் நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். செயற்கை நகத்தோடு நோயாளியைத் தொடக் கூடாது, சொந்த நகத்தின் நுனியும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே நீட்டு நகம் ஒட்டுகிற பேச்சே வேண்டாம். லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஜெல்லை எடுத்துவிடு. மேலே லேசாக ராவி, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து, ஃபாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தால் தானாக நெகிழ்ந்து வரும். அடுப்பங்கரையில் உட்காராதே, அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். டிவி பார்த்துக்கொண்டே பல்லால் நெண்டுகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும். நெண்டினால் ஜெல்லோடு சொந்த நகத்தின் மேல் அடுக்கும் உரிந்து வரும். அது முழுசாக வளர்ந்து மாற ஆறு மாசம் ஆகும்.

இந்த மோகமெல்லாம் எத்தனை நாள் என்று உன் அப்பா கேட்டாராமே. கேள்வி சரிதான். 2011 வாக்கில் விரிசல் பாலிஷ் வந்தது, காய்ந்த ஏரி மண் வெடித்த மாதிரி. மேல் பூச்சு வேகமாகக் காய்ந்து சுருங்கும்போது அடியில் இருக்கிற நிறம் கோடு கோடாகத் தெரியும். 2013-ல் ஓபிஐ கம்பெனி மணல் பாலிஷ் விட்டது, தேய்த்தால் சில்வர் பீச் மணலைத் தொட்டது போலவே சொரசொரவென்று. இரண்டையும் இப்போது யார் தேடுகிறார்கள்? மணல் பாலிஷ் மட்டும் எனக்கு இன்னும் வருத்தம். பொடியும் இல்லாமல் மணியும் இல்லாமல் பாட்டிலிலிருந்து நேராக வந்தது, உதிரவும் இல்லை. இந்த வரிசையிலேயே நம் கைக்கு ஒத்துவந்தது அது ஒன்றுதான், அதுவும் போய்விட்டது. அப்பாவிடம் சொல், கல்யாண ஆல்பத்தில் எப்படியும் இந்த வருஷத்து நகம் தெரியத்தான் செய்யும், அவர் ஆல்பத்தில் அவருடைய கிருதா தெரிகிற மாதிரி.

உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். அக்காவுக்கு நகம் பிரச்சினையே இல்லை, உன் நாத்தனார் முதலில் சொன்னதுதான் பிரச்சினை. அதனால் கேட் ஐ உன் சித்தியின் யோசனை என்றே வீட்டில் சொல்லிவை. நீ சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் மிஷன் வீதிக்கு வந்துவிடு, நாத்தனாரையும் கூப்பிடு. இடது சுண்டுவிரலில் மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம், ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வாரம் விடுவோம். வரும்போது ரிசப்ஷன் ப்ளவுஸில் வெட்டிய துண்டு ஒன்று கொண்டு வா, போனில் பார்த்து நிறம் பொருத்த முடியாது.

அன்புடன்,
சித்தி
புதுச்சேரி