சாம்பல் சுவர்

கடலூர்
6-4-2025

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆயாவுக்கு முட்டி வலி பழையபடிதான். எனக்கு இடது கண்ணுக்கும் போன மாதம் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில்தான் செய்தோம். சொட்டு மருந்து வேளை தவறாமல் அம்மா போட்டுவிடுகிறாள். நீ வரவில்லை என்று நான் குறைப்படவில்லை. வேலை இருக்கும்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இரண்டு நிமிஷத்தில் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எனக்குச் சொல்ல வராது.

போன புதன்கிழமை வீடியோவில் பேசினோமே, உனக்குப் பின்னால் தெரிந்த சுவர் மஞ்சளாக இருந்தது. நீ சாம்பல் அடித்த சுவரை எனக்குத் தெரியும். வீட்டுக்கார அம்மாவிடம் மன்றாடி, உன் காசில் பெயிண்ட் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீயே அடித்தாய். போட்டோ எடுத்து அனுப்பினாய். ஆபரேஷன் ஆன கண், புது லென்ஸ், அதனால் எனக்கு மாறித் தெரிந்திருக்கலாம். அம்மாவிடம் கேட்டேன். அவளும் மஞ்சள் என்றாள். சரி, அது இருக்கட்டும்.

இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. திரையின் நிறத்தை அளக்கிற உன் மிஷினை எடுத்தேன். பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்குக் கீழே, நீ வைத்துவிட்டுப் போன அதே டப்பாவில் இருந்தது. எக்ஸ்ரைட் என்று மேலே போட்ட எழுத்து கொஞ்சம்கூட அழியவில்லை. மூடிக்குள் உன் கையெழுத்தில் அந்தச் சீட்டு. "30 நிமிடம் மானிட்டர் சூடாகட்டும். நைட் லைட் ஆஃப். ஜன்னல் திரையை இழுத்துவிடவும். வெள்ளை 6500, பிரைட்னஸ் 120, காமா 2.2." அதற்குக் கீழே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மானிட்டரில் வைத்த எண்கள். கடைசி வரி, "முடிந்த பிறகு பட்டனைத் தொடாதீங்க அப்பா."

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். மானிட்டரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். திரையை உலர்ந்த துணியால் துடைத்தேன். மேலே இருக்கும் டியூப்லைட்டை அணைத்தேன். மிஷினின் வெள்ளை மூடியைப் பின்பக்கம் திருப்பி, கேபிளில் இருக்கிற எடையை மானிட்டருக்குப் பின்னால் தொங்கவிட்டு, திரையைக் கொஞ்சம் மல்லாத்தி வைத்தேன், மிஷின் ஒட்டி உட்காரவேண்டும் என்று நீ சொல்வாய். முதலில் ஒன்றையும் மாற்றாமல் அளந்து பார்த்தேன். வெள்ளை 8,900 கெல்வின், அதாவது நீலம் தூக்கல். வெளிச்சம் 264. நீ போன பிறகு இத்தனை வருஷமாக நான் வேலை பார்த்தது இந்தத் திரையில்தான். ஊரில் எத்தனை கல்யாணத்தை இதில் பார்த்து நிறம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பிறகு டிஸ்ப்ளேகேல் சாஃப்ட்வேர் காட்டிய மூன்று பட்டைகளையும் பார்த்துப் பார்த்து மானிட்டரின் பட்டனை அழுத்தினேன். நீலத்தை 100லிருந்து 71க்கு இறக்கிய பிறகுதான் பட்டைகள் நடுக்கோட்டுக்கு வந்தன. உன் சீட்டில் 76 என்று இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் மானிட்டரும் மாறிவிட்டது. மாதம் ஒரு தடவை அளக்கவேண்டும் என்று நீ சொன்னதற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் அது பாட்டுக்கு ஒவ்வொரு நிறமாகத் திரையில் போட்டு அளந்துகொண்டே இருந்தது. அம்மா காபி கொண்டுவந்தவள், இது என்ன சாமிக்கு அலங்காரம் மாற்றுகிற மாதிரி மாறுகிறது என்றாள். அவளுக்கும் உன் ஞாபகம் வந்துவிட்டது. சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடிந்தவுடன் திரை மஞ்சளாகவும் மங்கலாகவும் தெரிந்தது. 2019லும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் மஞ்சள் போய்விட்டது. வெள்ளை வெள்ளையாக நின்றது.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தை மாதம் வலது கண் மட்டும் முடிந்து, இடது கண் பாக்கி இருந்தபோது, மொட்டை மாடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்தேன். வலது கண்ணுக்கு அது சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வெள்ளை. இடது கண்ணுக்குத் தேநீர்த் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. ஒரே வேட்டி, ஒரே வெயில். வயசாக ஆகக் கண்ணில் இருக்கிற லென்ஸ் மஞ்சளித்து நீலத்தைத் தடுத்துவிடும், மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாது என்று டாக்டர் சொன்னார். உன் மிஷினைப் பற்றி நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. சராசரி மனிதக் கண் எப்படிப் பார்க்கும் என்று 1931ல் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், இது அந்தக் கண்ணாகப் பார்க்கிறது என்றாய். அந்தக் கண்ணுக்குப் புரை விழாது.

உனக்கு ஏழு வயசு இருக்கும். லாரன்ஸ் ரோடு ஸ்டுடியோவில் ஸ்டூல் மேல் நிற்கவைத்து, செக்கோனிக் லைட் மீட்டரை உன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கும் பாப்பா, மீட்டர் பழகாது" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். டியூப்லைட்டில் எடுத்தால் பிலிமில் முகம் பச்சையடிக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது என்று பிரிண்டை வைத்துக் காட்டியதும் நான்தான். வெளிச்சம் அளக்க வைக்கிற 18 சதவீதச் சாம்பல் அட்டையை நீ ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு திரிவாய். தானே புயலில் ஸ்டுடியோ போர்டு பறந்தபோதுகூட முதலில் அந்த அட்டையைத்தான் தேடினாய். நான் சொன்னதை நம்பித்தானே முதல் சம்பளத்தில் அந்த மிஷினை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தாய்.

கயல், அந்த ஆவணி மாத ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறேன். முதுநகர் பார்ட்டி.

அத்தை வீட்டு வளைகாப்புக்கு நீயும் அம்மாவும் நெல்லிக்குப்பம் போயிருந்த இரண்டு நாளில் நான் மானிட்டரை மாற்றினேன். நீ வைத்துவிட்டுப் போனது எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. கூல் என்று இருந்ததைப் போட்டேன், வெளிச்சத்தை முழுசாக ஏற்றினேன். அப்புறம் நீ முடித்து வைத்திருந்த படங்களைத் திறந்தால் எல்லாம் வெளுத்து நீலமாக இருந்தன. சின்னப் பெண், சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். 300 படத்துக்கு மேல் ராத்திரி உட்கார்ந்து சூடு ஏற்றி, இருட்டாக்கி, வேறு ஃபோல்டரில் போட்டு லேபுக்கு நானே அனுப்பினேன். திரை கூடுதல் நீலம், அதனால் படத்தில் மஞ்சளை ஏற்றினேன். திரை கூடுதல் வெளிச்சம், அதனால் படத்தை இறக்கினேன். காகிதத்தில் அந்த மஞ்சளும் இருட்டும்தானே வரும்.

ஆல்பம் வந்தபோது அரக்குக் கூரைப்புடவை காபித்தூளாக இருந்தது. மாப்பிள்ளை வேட்டி பழுப்பு. பெண்ணின் அப்பா மேஜையில் விரித்துப் போட்டுக் கேட்டார். "பொண்ணு ஏதோ மிஷின் வெச்சு கலர் பாக்கறேன்னு செஞ்சது சார்" என்று நான் சொன்னேன். நீ டீ கிளாஸோடு வாசற்படியில் நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே, நீ பார்ப்பதற்கு முன்னால், உன் சீட்டில் இருந்த எண்களைப் பார்த்து மானிட்டரைப் பழையபடி வைத்துவிட்டேன். நான் செய்த ஃபோல்டரையும் அழித்தேன். ராத்திரி நீ மிஷினை வைத்து மூன்று தடவை அளந்தாய். மூன்று தடவையும் சரியாக வந்தது. "அப்ப என் கண்ணுலதான் தப்பாப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் ஷட்டரை இறக்கப் போனேன்.

இரண்டாவது ஆல்பம் 18,000 ரூபாய் கைக்காசு போட்டு அடித்தேனே, அது உன் ஃபைல்தான். ஒரு புள்ளிகூட மாற்றாமல் அனுப்பினேன். அரக்கு அரக்காக வந்தது. அம்மாவிடம், நான் கரெக்ஷன் செய்து போட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் அவளுக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அவளிடம் படித்துக் காட்டப்போகிறேன்.

கண்புரை அப்போதே ஆரம்பித்திருக்கும் என்று சொல்லலாம். இருக்கலாம். ஆனால் கடையில் அத்தனை பேர் முன்னால் உன் பேரைச் சொன்னது என் வாய். அதற்குப் புரை காரணம் இல்லை. அடுத்த மாதம் நீ பெங்களூருக்குப் பெட்டி கட்டியபோது, "மிஷினை நீங்களே வெச்சுக்குங்கப்பா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். பஸ் கிளம்பும்வரை ஸ்டாண்டில் நின்றேன். சொல்லவில்லை.

உன் கண்ணில் தப்பு இல்லை. அன்றைக்கும் இல்லை. நேற்று உன் பழைய ஹார்டு டிஸ்க்கைப் போட்டு, அளந்த திரையில் இந்த இரண்டு கண்ணாலும் அந்தக் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறும் தங்கமும் தனித்தனி மஞ்சளாகத் தெரிகின்றன. அதை நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

இம்பீரியல் ரோட்டில் ஒரு பட்டுக் கடை விளம்பரம் பெரிதாக வைத்திருக்கிறார்கள். அது நீ செய்தது என்று அத்தை பெண் சொல்லித்தான் தெரியும். நீ சொல்லவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தினம் அந்த வழியாகத்தான் கடைக்குப் போகிறேன். டீக்கடைக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

சுவரைப் பற்றி மறுபடி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. மிஷின் திரையை ஒட்டி அளப்பதால் சுவர் எந்த நிறமானாலும் அதற்குக் கவலை இல்லை, மனிதக் கண்ணுக்குத்தான் பக்கத்து நிறம் பட்டு எல்லாம் மாறும். வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க விடவில்லை என்றால் சாம்பல் துணி வாங்கித் தொங்கவிடு. ஜன்னல் உன் இடது பக்கம் இருக்கிறது, வெளிச்சம் அங்கிருந்துதான் முகத்தில் விழுந்தது. புதன்கிழமை காலை பதினொன்றரை மணி வெளிச்சம் எனக்குத் தெரியாதா. அதற்கு முந்தின இரண்டு தடவையும் அப்படித்தான். வீட்டிலிருந்தே வேலை என்றால் நல்லதுதான், அலைச்சல் இல்லை. அம்மா ஏதேதோ கேட்கச் சொல்கிறாள். நான் எதையும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் திரையைப் பார்க்காதே. சாம்பல் துணி வாங்கு.

மேல் ரூமைக் காலி செய்துவிட்டோம். பழைய என்லார்ஜரையும் டிரேக்களையும் கீழே இறக்கிவிட்டேன். வடக்குப் பார்த்த ஜன்னல், நேர் வெயில் அதிகம் விழாது. போன வாரம் அதற்குச் சாம்பல் அடித்தோம், நடுத்தரச் சாம்பல், நீலமும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல். கடைக்காரரிடம் உன் அட்டையைக் காட்டித்தான் கலக்கச் சொன்னேன். சும்மா பூட்டிக் கிடந்த ரூம்தானே. பண்ருட்டிப் பலாவும் வர ஆரம்பித்துவிட்டது.

ஒரு சந்தேகம், நீதான் சொல்லவேண்டும். அளந்து முடித்துச் சரிபார்த்தபோது டெல்டா ஈ, அதாவது நிறம் எவ்வளவு விலகுகிறது என்கிற கணக்கு, சராசரி 0.9 வந்தது. நீலத்தில் மட்டும் 3.1 நிற்கிறது. தொடக்கத்தில் டிஸ்ப்ளே வகை கேட்டது, நான் வெள்ளை எல்.இ.டி. என்று கொடுத்தேன். அது தப்பா, இல்லை மானிட்டரே பழசாகிவிட்டதா? அறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எப்போது முடிகிறதோ கூப்பிடு, பகலானாலும் சரி. அதுவரை பட்டனைத் தொடமாட்டேன்.

இப்படிக்கு
அப்பா