பேரழிவுக்குப் பின் முளைத்த பெரணிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் விண்கல் மோதி டைனோசர்கள் மடிந்ததைப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் வெறுமையான நிலத்தில் முதலில் பரவியவை பூக்காத செடிகளான பெரணிகளே என்பதற்கு, வட அமெரிக்கப் பாறையடுக்குகளில் செறிந்து கிடக்கும் அவற்றின் நுண்வித்துகளே சான்று. கோத்தகிரிச் சாலையோரம் மண் சரிந்த இடங்களில் சுருண்ட நுனியோடு முதலில் தலைநீட்டுவதும் பெரணிதான்.

இதைக் காட்டி, இயற்கை தானே மீண்டுவிடும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை: 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், சைபீரிய எரிமலைப் பெருக்கால் கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தபின், பவளங்கள் மீண்டும் தோன்றப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆயின. தோன்றியவையும் பழைய குலத்தைச் சேர்ந்தவை அல்ல.

எனவே, சாலை விரிவாக்கத்தின்போது சோலையோர ஓடைகளிலுள்ள மரப்பெரணிகளை வெட்டாமல் காக்குமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், கோத்தகிரி