நாலு கார்டு, 24 செகண்டு

பாப்பா,

நீ போகும்போது உன் பழைய ஐபேட்ல அந்த பாட்டு ரெக்கார்டு பண்ற ஆப், கராஜ்பேண்டை திறந்து காமிச்சு, மூணு சுரத்தை ஒண்ணா அமுக்குனா அது ஒரு கார்டு, நாலு கார்டு போதும்ப்பா பாட்டே வந்துரும்னு சொல்லிட்டு போனியே, அதை ஒருவழியா ரெக்கார்டு பண்ணிட்டேன். சி, ஏ மைனர், எஃப், ஜி. சிரிக்காம கேளு.

மொத நாள் ஒண்ணுமே சேரல. நான் அதுல இருக்குற கீபோர்டுல அடிக்குறது ஒரு பக்கம், சத்தம் வர்றது ஒரு பக்கம். விரலுக்கு வயசாயிருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், அப்புறம் பார்த்தா ப்ளூடூத் ஹெட்ஃபோன். அதுல சத்தம் காதுக்கு வந்து சேரவே கொஞ்சம் லேட் ஆகுது, பாட்டு கேக்கும்போது தெரியல, வாசிக்கும்போது தான் உயிரை வாங்குது. கழட்டி வச்சுட்டு ஸ்பீக்கர்லயே கேட்டேன், சரியாயிருச்சு.

டெம்போ அதுவா நிமிஷத்துக்கு 110 பீட்ல நிக்குது, எனக்கு மூச்சு வாங்குச்சு, 80க்கு இறக்கினேன். 8 பார் காட்டுது, ஒரு பார்னா நாலு பீட், ஒரு கார்டுக்கு 2 பார்னு வச்சா கணக்கு கச்சிதம், மொத்தம் 32 பீட், 24 செகண்டு. அந்த 24 செகண்டுக்கு எனக்கு நாலு சாயங்காலம் ஆச்சு.

எஃப் தான் வம்பு. கையை தூக்கி அந்த இடத்துக்கு கொண்டு போறதுக்குள்ள டிக் டிக்னு தாளம் போடுற மெட்ரோனோம் ஓடிருது. குவான்டைஸ் போட்டா எல்லாத்தையும் பீட்ல உக்கார வச்சிரும்னு சொன்னேல்ல, போட்டேன், நான் அரை பீட்டுக்கும் மேல லேட்டு போல, அது பாவம் அடுத்த பீட்ல கொண்டு போய் உக்கார வச்சிருச்சு, முன்னைவிட கேவலமா இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன்.

அப்புறம் தான் ஒண்ணு பிடிபட்டுச்சு, இதை நீ சொல்லித் தரவே இல்ல. சி-ன்னா ச க ப தானே, ஏ மைனருக்கு கையை தூக்க வேணாம், ப-வை மட்டும் த-வுக்கு நகத்தினா போதும், ச க த. அடுத்து க-வை ம ஆக்கினா எஃப், ச ம த. ஜி-க்கு மட்டும் மூணு விரலும் இறங்கணும், கீழ் நி, ரி, ப. கை இருந்த இடத்துலயே இருக்கு பாப்பா! பழைய மாதிரி தாவித் தாவி அடிச்சதைவிட கேக்கவும் இதுதான் நல்லாருக்கு, கார்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையுது.

நடுவுல ஒரு கூத்து. இடது கைக்கு தனியா பேஸ் நோட் சேக்கலாம்னு அதே ட்ராக்ல திரும்ப ரெக்கார்டு அமுக்கினேன், முன்னாடி வாசிச்சது மொத்தமும் போச்சு. அன்டூ இருந்ததால பொழைச்சேன். மெர்ஜ்னு ஒண்ணு செட்டிங்ஸ்ல இருக்காம், அதை ஆன் பண்ணினா தான் பழசு மேல புதுசு சேருமாம். இதையாவது சொல்லிட்டு போயிருக்கலாம்ல.

இப்போ விஷயம் என்னன்னா, லூப்ல ஓடுறதை கேட்டு கேட்டு அம்மா அது மேல ஏதோ முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டா, நிஜமாவே நல்லா இருக்கு, கேட்டா நான் ஒண்ணும் பாடலையேங்குறா. அதை ரெண்டாவது ட்ராக்ல பிடிச்சிரணும். ஸ்பீக்கர்ல ஓட விட்டா கார்டும் மைக்ல சேந்து விழுந்துரும், ப்ளூடூத் கதை தான் தெரியுமே. உன் டேபிள் டிராயர்ல வயர் வச்ச ஹெட்ஃபோன் ஒண்ணு கிடந்துச்சே, எடுத்துக்கட்டுமா?

அப்பா