காரம் எரிகிறது என்றாயே

அன்பு மகன் ஆரோக்கியத்துக்கு,

அம்மா எழுதுவது. தங்கச்சிமடத்தில் எல்லோரும் நலம். தடைக்காலம் என்பதால் அப்பா கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

போனில் பேசும்போது, "காரமே தாங்கலம்மா, வாயெல்லாம் எரியுது" என்றாய். பஹ்ரைன் சமையல்காரர் மிளகாயைக் கொட்டுகிறார் என்று நீயே காரணமும் சொன்னாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. ராத்திரி கடலில் தூக்கம் வராமலிருக்கப் பாக்கும் புகையிலையும் கலந்த குட்காப் பொட்டலத்தைக் கிழித்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாய் என்று உன் கூட்டாளி சொல்லித் தெரியும். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது இல்லையா, சீசனில் தள்ளிப்போட்ட நோயையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆம்பளைகள் எங்கள் காது மூக்கு தொண்டை ஓபிக்கு வருவது இப்போதுதான். "சூட்டுப் புண்ணு சிஸ்டர்", "பல்லு குத்தி ஆறவே இல்ல" என்பார்கள். டாக்டர் டார்ச் அடித்து, மரக்குச்சியால் கன்னத்தை விலக்கி, "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்பார். கை எந்தக் கன்னத்துக்குப் போகிறதோ, அநேகமாக அங்கேதான் புண் இருக்கும். ஆரம்பத்தில் பலருக்கு வலியே தெரியாது. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் வீட்டில் கவனிக்கிறார்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடும் கிழவிகளுக்குக் கன்னத்திலும் ஈறிலும் புற்று வருகிறது. பீடியும் குடியும் சேர்ந்தவர்கள் தொண்டையிலோ குரல்வளையிலோ வந்து, குரல் கம்மிப்போய் நிற்கிறார்கள். அந்த இரண்டு பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. முன்பு ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைத்தான் அதிகம் பார்ப்பேன். இப்போது உன் வயதுப் பையன்கள் வாயைத் திறக்க முடியாமல் வருகிறார்கள். பாக்கு செய்கிற வேலை அது. முதலில் காரம் எரியும், அப்புறம் கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார்போல இறுகும், வாய் சுருங்கும். அவர்களில் சிலருக்குப் பின்னால் புற்று வரும். புகையிலை கலக்காத வெறும் பாக்குகூடப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. குட்காவுக்கு நம் மாநிலத்தில் 2013-லேயே தடை போட்டார்கள். இருந்தும் இந்தப் பிள்ளைகளின் சட்டைப்பையில் பொட்டலத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இதைப் படித்ததும் கண்ணாடி முன் போய் நில். உன் நடு மூன்று விரல்களையும் சேர்த்துச் செங்குத்தாகப் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார். அப்புறம் கன்னத்தை விலக்கு, நாக்கைத் தூக்கு. மூன்று விரலும் நுழையாவிட்டாலும், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போ. ஒன்றும் தெரியாவிட்டாலும் எரிச்சலுக்காகக் காட்டத்தான் வேண்டும். பொட்டலம் போடுவதை மறைக்காமல் சொல். வாயைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயமில்லை, ஐயா. திருவனந்தபுரம் பக்கம் பல வருடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததிலேயே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

சின்னப் புண்ணாக வருபவர்கள் பெரும்பாலும் வெட்டி எடுத்ததோடு தேறிவிடுகிறார்கள். முற்றி வந்தால் தாடை எலும்பையும் எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் மதுரையில் ஆறேழு வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். எச்சில் வற்றி, கஞ்சி இறங்காமல் அவர்கள் படும் பாட்டைப் பார்க்கிறவள் நான்.

பொட்டலத்தை இன்றைக்கே விடு. அங்கே காட்ட வசதியில்லை என்றால் லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. கடனை அப்பாவும் நானும் பார்த்துக்கொள்கிறோம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. மூன்று விரலும் நுழைந்ததா என்று இன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சொல்.

அம்மா